அடுத்தவர் பசி யார் பொறுப்பு? நிக்கொலாய் பெர்தியாயெவ் வாழ்வு எழுப்பும் கேள்வி



இருப்பவர், இல்லாதவர் என்ற வேறுபாடு மறைய வேண்டும் என்று விரும்பாத நல்ல மனிதர் இருக்க முடியாது. ஆனால் அந்த விருப்பத்தைச் சட்டத்தாலும் துப்பாக்கியாலும் நிறைவேற்ற ஓர் அரசு புறப்பட்டால், சாதாரணக் குடும்பத்தின் அடுப்படியில் என்ன நடக்கும்? இதைத் தம் வாழ்விலேயே கண்டு எழுதிய ஒருவரை இன்று நாம் நினைவுகூர்வோம். அவர் பெயர் நிக்கொலாய் பெர்தியாயெவ். ரஷ்யாவின் கிறிஸ்தவ மெய்யியலாளர். இளமையில் மார்க்சியத்தை நம்பினார். நடுவயதில் பொதுவுடைமை ஆட்சியின்கீழ் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தார். பின்னர் நாடு கடத்தப்பட்டு, அயல்நாட்டிலேயே கண்மூடினார்.

அவர் 1874ஆம் ஆண்டு கீவ் நகரில் பிறந்தார். தந்தைவழியில் படை அதிகாரிகள், தாய்வழியில் பிரபுக்கள். படைப்பள்ளியில் சேர்க்கப்பட்ட சிறுவனுக்கு அணிவகுப்பைவிட நூல்களே பிடித்தன. கீவ் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, தம் குலத்தார் அனுபவித்த சலுகைகளை ஏற்க மனமின்றி மார்க்சியக் குழுவில் சேர்ந்தார். 1898இல் கைதானார், பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் ஜார் அரசு அவரை வடக்கே வொலோக்தா நகருக்கு அனுப்பித் தண்டித்தது. அங்கே அவரோடு தண்டனை அனுபவித்தவர்களுள் ஒருவர் லூனசார்ஸ்கி. 1917 புரட்சிக்குப்பின் லெனின் அரசில் கல்விப் பொறுப்பை ஏற்றவர் இவரே. ஆகவே, பெர்தியாயெவ் பின்னாளில் பொதுவுடைமையை விமர்சித்தபோது, தூரத்தில் நின்று பழிக்கவில்லை. தமக்குப் பழக்கமான முகங்களைப் பார்த்தே பேசினார்.

மனிதரின் உள்ளத்தையும் அறநெறியையும் பொருளாதாரம் ஒன்றைக்கொண்டே விளக்கிவிட முடியாது என்ற எண்ணம் அவரை மார்க்சியத்திலிருந்து விலக்கியது. படிப்படியாகக் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு வந்தார். வந்த பிறகும் அதிகாரத்திற்குத் தலையாட்டவில்லை. 1913இல் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் ஆளும் மன்றத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதியதால் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. போரும் புரட்சியும் குறுக்கிட்டதால்தான் சைபீரியாவுக்குச் செல்லாமல் தப்பினார்.

1917 அக்டோபரில் ஆட்சி மாறியபோது அவர் மனைவி லீதியாவுடன் மாஸ்கோவில் வாழ்ந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அந்நகரின் அன்றாட வாழ்வு எப்படி ஆனது என்பதைப் பார்ப்போம். தனியார் வணிகம் தடை செய்யப்பட்டது. விவசாயிகளிடமிருந்து தானியம் கட்டாயமாகப் பறிமுதல் செய்யப்பட்டது. ரொட்டி, பங்கீட்டு அட்டைக்கே கிடைத்தது. யார் எந்த வர்க்கம் என்பதைப் பொறுத்து அளவு மாறியது. உழைப்பாளிக்கு அதிகம், பழைய வசதி படைத்தவருக்கு மிகக் குறைவு. ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் பல குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. விறகு இல்லாததால் குளிரில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்தன. மக்கள் நாற்காலியையும் வேலியையும் உடைத்துச் சிறிய இரும்பு அடுப்புகளில் எரித்தார்கள். கிராமத்திலிருந்து மாவு மூட்டையைத் திருட்டுத்தனமாகச் சுமந்துவந்தவர்களே பலருடைய உயிரைக் காத்தார்கள். 1920க்குள் மாஸ்கோவின் மக்கள்தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இத்துன்பங்களுக்கு உலகப்போரும் உள்நாட்டுப் போரும் காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் விற்பதும் வாங்குவதும்கூடக் குற்றமாக்கப்பட்டதால் துன்பம் பெருகியது. 1921இல் லெனினே தானியப் பறிமுதலைக் கைவிட்டு, சிறு வணிகத்தை மீண்டும் அனுமதிக்க வேண்டியதாயிற்று.

பெர்தியாயெவும் கட்டாய உழைப்புக்கு அழைக்கப்பட்டார். கொடுங்குளிரில், விடியுமுன் எழுந்து சென்று இரயில் பாதையில் பனியை அகற்றினார். அந்த வேலை நடத்தப்பட்ட விதத்தை அவரால் ஏற்க முடியவில்லை. எனினும், உடலுழைப்பைப்பற்றித் தாம் அதுவரை கொண்டிருந்த மனப்பான்மையிலும் பொய் இருந்தது என்பதை அங்கேதான் உணர்ந்தார். தம்மைத் துன்புறுத்தியவர்களிடமும் உண்மை ஏதேனும் இருக்கிறதா என்று தேடிய அவரது நேர்மை நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

இக்காலத்தில் எழுத்தாளர்கள் சிலர் சேர்ந்து மாஸ்கோவில் ஒரு புத்தகக் கடை நடத்தினார்கள். பெர்தியாயெவும் அதில் விற்பனையாளராக நின்றார். பசியால் வாடிய அறிஞர்கள் தங்கள் நூல்களை விற்க அங்கு வந்தார்கள். அச்சிட வழியில்லாததால் எழுத்தாளர்கள் தம் படைப்புகளைக் கையால் எழுதித் தைத்து விற்றார்கள். புகழ்பெற்ற சில எழுத்தாளர்களுக்கு அரசு சிறப்புப் பங்கீடு வழங்கியபோது அவருக்கும் அது கிடைத்தது. ஆனால் ஒரு கை உணவு கொடுக்க, மறு கை அவரைச் சிறையில் அடைத்தது.

1920இல் கைதான அவரை நள்ளிரவில் விசாரித்தவர் செக்கா என்ற இரகசியக் காவல்துறையின் தலைவர் ஜெர்ஜின்ஸ்கி. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த ஜெர்ஜின்ஸ்கி, இளமையில் துறவியாக விரும்பியவர். அந்தப் பற்றையெல்லாம் பின்னர் புரட்சியின்மீது வைத்தவர். பெர்தியாயெவ் கெஞ்சவில்லை. எந்தச் சமய, மெய்யியல், அறநெறிக் காரணங்களுக்காகத் தாம் பொதுவுடைமையை எதிர்க்கிறார் என்பதை முக்கால் மணி நேரம் விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த ஜெர்ஜின்ஸ்கி அவரை விடுதலை செய்தார். இரவில் கொள்ளையர் பயம் இருந்ததால் மோட்டார் சைக்கிளில் வீட்டிற்கும் அனுப்பிவைத்தார்.

1921இல் கொடும் பஞ்சம் வந்தது. ஏறத்தாழ 50 இலட்சம் மக்கள் மடிந்தார்கள். திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் உலகின் உதவியை வேண்டினார். அவருக்குப்பின் 11ஆம் பயஸ் காலத்தில் திருத்தந்தையின் உதவிக்குழு 1922இல் ரஷ்யா சென்று பசித்தோருக்கு உணவளித்தது. ரஷ்யாவுக்குள்ளேயும் பொதுமக்களில் முக்கியமானவர்கள் ஒரு நிவாரணக் குழு அமைத்திருந்தார்கள். பெர்தியாயெவுடன் புத்தகக் கடையில் பணியாற்றிய எழுத்தாளர் ஒசர்கின் அதில் உறுப்பினர். இரண்டு மாதம்கூட முடியவில்லை. அரசு அக்குழுவைக் கலைத்து, உறுப்பினர்களைக் கைது செய்தது. பசித்தவனுக்குச் சோறு போடுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும் என்ற நிலை! எல்லாருக்கும் பொறுப்பு அரசே என்றானபோது, பக்கத்து வீட்டாருக்குப் பொறுப்பேற்பவர் சந்தேகத்திற்குரியவரானார்.

1922 கோடையில் அவர் மீண்டும் கைதானார். இம்முறை விளக்கத்திற்கு இடமில்லை. நாட்டைவிட்டு வெளியேற வேண்டும், திரும்பி வந்தால் சுடப்படுவார் என்று தெரிவிக்கப்பட்டது. அவரை மாற்ற முடியாது என்று அரசு முடிவு செய்துவிட்டது. செப்டம்பர் இறுதியில் பெத்ரோகிராத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஜெர்மானியக் கப்பலில், பேராசிரியர்களும் எழுத்தாளர்களும் குடும்பங்களோடு ஏற்றப்பட்டார்கள். அவர்களுள் பெர்தியாயெவும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 48.

பெர்லினில் ஈராண்டுகள் தங்கியபின், 1924இல் பாரிசுக்கும் அருகிலுள்ள கிளமார் என்ற ஊருக்கும் வந்துசேர்ந்தார். மனைவி லீதியா மாஸ்கோவிலேயே கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்து, கீழைவழிபாட்டு முறையைப் பின்பற்றியவர். அவர் இறுதிவரை ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவராகவே இருந்தார். இரு சபையினர் ஒரே கூரையின்கீழ் அன்போடு வாழ்ந்தார்கள். கத்தோலிக்க மெய்யியலாளர் ஜாக் மரித்தேன் அவருக்கு நண்பரானார்.

புலம்பெயர்ந்த ரஷ்யர்களில் பலர் அவரிடமிருந்து பழிவாங்கும் சொற்களை எதிர்பார்த்தார்கள். இழந்த நிலங்களையும் பட்டங்களையும் மீட்பதுபற்றியே அவர்கள் பேசினார்கள். பெர்தியாயெவ் அதில் சேரவில்லை. ரஷ்யாவில் இருந்தபோது தாம் சினத்தோடு எழுதிய நூலொன்றைப்பற்றியும் பிற்காலத்தில் வருந்தினார். 1937இல் வெளிவந்த ரஷ்யப் பொதுவுடைமையின் தோற்றம்பற்றிய நூலில் தம் நிதானமான தீர்ப்பைத் தந்தார். அதன் சாரம் இதுதான்: பொதுவுடைமையின் பெரும் பொய், அது மனித ஆளைக் கூட்டத்தில் கரைத்துவிடுவது. கடவுளை நீக்கிய இடத்தில் தன்னையே ஒரு சமயமாக வைத்துக்கொள்வது. சொத்தைப் பொதுவாக்கலாம், ஆனால் கட்டளையிட்டு யாரையும் சகோதரர் ஆக்க முடியாது. அதே வேளையில், அது எழுப்பிய சமூக நீதிக் கோரிக்கை உண்மையானது. அக்கோரிக்கையை நிறைவேற்றியிருக்க வேண்டியவர்கள் கிறிஸ்தவர்கள். அவர்கள் தவறியதால்தான் அந்தப் பணி கடவுளை மறுத்தவர்கள் கைக்குப் போனது. என் பசி என் உடலைப்பற்றியது, அடுத்தவர் பசியோ என் ஆன்மாவைப்பற்றியது என்பதே அவர் எண்ணத்தின் மையம்.

அதே 1937 மார்ச்சில் திருத்தந்தை 11ஆம் பயஸ் கடவுளை மறுக்கும் பொதுவுடைமையைக் கண்டித்துச் சுற்றுமடல் வெளியிட்டார். அதிலும், தொழிலாளருக்கு நேர்மையான கூலி தராத கத்தோலிக்க முதலாளிகளைக் கண்டிக்க அவர் மறக்கவில்லை.

இரண்டாம் உலகப்போரில் தாய்நாடு தாக்கப்பட்டபோது பெர்தியாயெவின் உள்ளம் ரஷ்யாவின் பக்கமே நின்றது. போருக்குப்பின் அங்கே சுதந்திரம் மலரும் என்று நம்பினார். 1946இல் எழுத்தாளர்கள்மீது மீண்டும் அடக்குமுறை பாய்ந்தபோது அந்த நம்பிக்கையும் உடைந்தது. 1945இல் லீதியா இறந்திருந்தார். 1948 மார்ச்சில், 74ஆம் வயதில், கிளமார் வீட்டில் தம் எழுத்து மேசையிலேயே அவர் உயிர் பிரிந்தது. தாய்மண்ணை அவர் மீண்டும் காணவில்லை.

அன்பர்களே, எருசலேமின் தொடக்கத் திருச்சபையிலும் உடைமைகள் பொதுவாக இருந்தன. ஆனால் பர்னபாவின் நிலத்தை யாரும் பறிமுதல் செய்யவில்லை. அவரே விற்றார், அவரே கொண்டுவந்து திருத்தூதர்களின் காலடியில் வைத்தார். மாஸ்கோவில் இல்லாமற்போனது இந்த உரிமைதான்.

பெர்தியாயெவின் வாழ்வைப் படித்துவிட்டுப் பொதுவுடைமை தவறியது என்று மகிழ்ந்து எழுந்துவிடுவது எளிது. அவரோ நம்மை அவ்வளவு எளிதில் விடுவதில்லை. வேலைக்காரருக்கு உரிய கூலியை நாம் தருகிறோமா? பக்கத்து வீட்டில் இன்று அடுப்பு எரிந்ததா என்பது நமக்குத் தெரியுமா? அரசு பார்த்துக்கொள்ளும் என்று நாமும் ஒதுங்கிக்கொண்டால், நாம் வெறுக்கும் அந்தப் பொய்யையே வேறு வழியில் வாழ்கிறோம் அல்லவா? கட்டாயப்படுத்த யாரும் இல்லாத இந்த நாளிலேயே, நமக்கு அருகில் பசித்திருக்கும் ஒருவருக்காவது நாமாகக் கை நீட்டுவோம்.