கண்ணாடி மாளிகை கட்டிய தோட்டக்காரர்

இங்கிலாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1803-ம் ஆண்டு ஜோசப் பாக்ஸ்டன் பிறந்தார். அவர் கட்டடக்கலை படித்தவர் அல்ல. தோட்ட வேலை செய்தவர். ஆனால் உலகமே வியந்த ஒரு மாளிகையைக் கட்டினார்!

அல்லி இலை

அவருடைய சுறுசுறுப்பு டெவன்ஷயர் பிரபுவுக்குப் பிடித்துவிட்டது. 1826-ல் தம் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தை அவரிடம் ஒப்படைத்தார். குளிர் தாங்காத செடிகளுக்காக பாக்ஸ்டன் அங்கே கண்ணாடி வீடுகள் கட்டினார்.

1849-ல் அமேசான் நாட்டு ராட்சத அல்லி அங்கே பூத்தது. அதன் இலைமேல் தம் சிறு மகளை நிற்க வைத்தார். இலை அமிழவில்லை. அடியில் குறுக்கும் நெடுக்கும் ஓடிய நரம்புகள் பாரத்தைத் தாங்கின. அந்த இலை அவருக்குப் பாடமாயிற்று.

செங்கல் மலை

லண்டன் ஹைடு பூங்காவில் 1851-ல் உலகப் பொருட்காட்சி நடத்த ஏற்பாடாயிற்று. கட்டடத்துக்கு 245 திட்டங்கள் வந்தன. ஒன்றும் தேறவில்லை. கமிட்டியே ஒரு திட்டம் போட்டது. அதற்குக் கோடிக்கு மேல் செங்கல் வேண்டும். பொருட்காட்சியோ சில மாதம்தான். பிறகு அந்தச் செங்கல் மலையை என்ன செய்வது? பூங்கா பாழாகும் என்று ஜனங்கள் கொதித்தார்கள்.

அப்போது பாக்ஸ்டன் மையொற்றும் தாளில் ஒரு படம் வரைந்தார். இரும்புத் தூண், மரச்சட்டம், கண்ணாடி. எல்லாவற்றையும் ஒரே அளவில் பட்டறையில் செய்து, கொண்டுவந்து பூட்ட வேண்டியது. வேண்டாதபோது கழற்றிவிடலாம்!

கண்டிராக்டர்கள் இரண்டு விலை சொன்னார்கள். கட்டடம் கமிட்டிக்கே சொந்தமானால் 1,50,000 பவுன். பிரித்த சாமான்களை அவர்களே எடுத்துக்கொண்டால் 79,800 பவுன். பழைய சாமானுக்கும் மதிப்பு உண்டல்லவா?

வேலியாக அடைத்த பலகைகளே பிறகு தளத்துக்குப் பலகைகள் ஆயின. உள்ளே துவாரமுள்ள தூண்கள் வழியே மழைத் தண்ணீர் இறங்கியது. பெரிய மரங்களை வெட்டாமல், அவற்றுக்கு மேலே கூரை போட்டார்கள்.

1851 மே 1-ந் தேதி விக்டோரியா ராணி மாளிகையைத் திறந்தார். 60 லட்சம் பேர் பார்த்தார்கள். தோட்டக்காரருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

மீண்டும் எழுந்தது

பொருட்காட்சி முடிந்தது. பூங்காவைக் காலி செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. மாளிகையை அங்கேயே விட்டுவைக்க பாக்ஸ்டன் பாடுபட்டார். பார்லிமெண்டு மறுத்துவிட்டது.

செங்கல் கட்டடமாக இருந்தால் கடப்பாரைக்கு இரையாகியிருக்கும். இது அப்படி ஆகவில்லை. பாக்ஸ்டனும் நண்பர்களும் ஒரு கம்பெனி தொடங்கி, 70,000 பவுனுக்கு மாளிகையை வாங்கினார்கள். கழற்றி, சிடன்ஹாம் குன்றுக்குக் கொண்டுபோனார்கள். புதுக் கண்ணாடியும் இரும்பும் சேர்த்து, முன்னைவிடப் பெரிதாக எழுப்பினார்கள். செலவு எல்லை மீறி, கம்பெனி கடனில் விழுந்தது. என்றாலும் மாளிகை நிமிர்ந்து நின்றது. 1854 ஜூன் 10-ந் தேதி அதே ராணி வந்து மறுபடியும் திறந்து வைத்தார்.

பாக்ஸ்டன் 1865-ல் காலமானார். 1936 நவம்பர் 30-ந் தேதி இரவு, மாளிகை தீயில் அழிந்தது.

சில மாதத்துக்கென்று எழுந்த கட்டடம் 85 ஆண்டுகள் உழைத்தது. கட்டும்போதே பிரிக்கும் வழியையும் யோசித்து வைத்தார் அந்தத் தோட்டக்காரர். அதுதான் காரணம்!