ஓட்டைத் துப்பாக்கி தந்த பாடம்

புலி வேட்டை என்றதும் நம் கண் முன் என்ன தோன்றும்? யானை மீது அம்பாரி. அதில் ஒரு மகாராஜா. அவர் கையில் விலை உயர்ந்த இரட்டைக் குழல் ரைபிள்!

ஆனால் உலகப் புகழ் பெற்ற வேட்டைக்காரர் ஒருவர், சுடக் கற்றுக்கொண்டது ஓர் உடைந்த துப்பாக்கியில். அவர்தான் ஜிம் கார்பெட்.

தந்தையை இழந்த சிறுவன்

1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி, இமயமலைச் சாரலில் உள்ள நைனிடாலில் ஜிம் பிறந்தார். தந்தை அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். வீடு நிறையப் பிள்ளைகள். ஜிம்முக்கு ஆறு வயது நிரம்பும் முன்பே தந்தை காலமானார். குடும்பப் பாரம் முழுவதும் தாய் மேரியின் தலையில் விழுந்தது.

கோடை காலத்தில் நைனிடால் வாசம். குளிர் காலத்தில் மலையடிவாரத்தில் உள்ள காலாதுங்கி. அங்கே வீட்டை விட்டு இறங்கினால் காடு!

காட்டில் திரியும் பையனுக்குத் துப்பாக்கி ஆசை வராதா? ஆனால் துப்பாக்கி வாங்கப் பணம் ஏது? அப்போது குடும்ப நண்பர் ஒருவர், தம்மிடம் இருந்த பழைய துப்பாக்கியைக் கொடுத்தார். ஜிம்முக்கு அப்போது வயது எட்டு.

அது குழலின் வாய் வழியாக மருந்தையும் ரவையையும் போட்டு, கெட்டித்துச் சுடும் துப்பாக்கி. இரண்டு குழல்கள். வலது குழல் வெடித்துப் பிளந்திருந்தது. கட்டையும் குழலும் பிரிந்துவிடாமல் பித்தளைக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது!

ஜிம் அதைக் கேலி செய்யவில்லை. பொக்கிஷமாகப் போற்றினான். சுடுவதற்கு ஒரே குழல். சுட்டுவிட்டால் மறுபடி கெட்டிக்க நேரம் பிடிக்கும். எனவே காத்திருந்தான். கூர்ந்து கேட்டான். குறி தப்பாது என்று தெரிந்த பிறகே விசையைத் தொட்டான். இதுதான் அவன் கற்ற முதல் பாடம்.

பிறகு பள்ளிக்கூடப் பட்டாளத்தில் சேர்ந்தான். அவன் சுடும் திறமையைக் கண்டு, ராணுவ மார்ட்டினி ரைபிள் ஒன்றை இரவல் கொடுத்தார்கள். அதுவும் ஒரு தோட்டா மட்டுமே போடும் ரைபிள்தான். அதைத் துடைத்துச் சுத்தமாக வைக்கவேண்டும்; சுட்ட தோட்டாக் கூடுகளைத் திருப்பித் தரவேண்டும். இவைதான் நிபந்தனைகள். அந்த ரைபிளால் ஒரு சிறுத்தையையே சுட்டு வீழ்த்தினான் ஜிம்.

436 உயிர் குடித்த புலி

வாலிபரானதும் கார்பெட் ரெயில்வே வேலைக்குப் போனார். பீகாரில் மொகாமா காட் என்ற இடத்தில், கங்கைக் கரையில், சரக்குகளை ஏற்றி இறக்கும் கான்டிராக்டராக 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார்.

அந்த நாளில் சம்பாவத் என்ற மலைப் பகுதியில் ஓர் ஆட்கொல்லிப் பெண் புலி அட்டகாசம் செய்துகொண்டிருந்தது. நேபாளத்தில் 200 பேர். இந்தியாவில் 236 பேர். மொத்தம் 436 உயிர்கள்!

கார்பெட்டை அழைத்தார்கள். அவர் இரண்டு நிபந்தனைகள் போட்டார். புலியின் தலைக்கு அறிவித்த பரிசுப் பணத்தை ரத்து செய்யவேண்டும். புலியைச் சுட வந்த மற்றவர்களைத் திருப்பி அனுப்பவேண்டும்.

1907-ல் அந்தப் புலியை எதிர்கொண்டார். கையில் இருந்த தோட்டாக்கள் தீர்ந்துவிட்டன. காயம் பட்ட புலி எதிரே நிற்கிறது! ஓடிப் போய்த் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கினார். அதுவோ குழலும் அடிப்பாகமும் சரியாகப் பொருந்தாத ஓட்டைத் துப்பாக்கி! புலியின் வாய்க்குக் குறி வைத்தார். குண்டு காலில் போய்ப் பட்டது. முன்பே பட்ட காயங்களால் ஓய்ந்திருந்த புலி, அந்த அடியில் சாய்ந்தது.

கவர்னர் தந்த பரிசு

ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஜான் ஹெவெட் மகிழ்ந்தார். தாசில்தாருக்குப் புதுத் துப்பாக்கி கிடைத்தது! கார்பெட்டுக்கு லண்டன் ரிக்பி கம்பெனியின் '.275' ரைபிளைப் பரிசளித்தார்.

இது 'போல்ட்' ரைபிள். ஜெர்மனியின் மவுசர் முறைப்படி அமைந்தது. கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளி அமுக்கினால் அடுத்த தோட்டா ஏறிப் பூட்டிக்கொள்ளும். வேலைப்பாடு மிகுந்த இரட்டைக் குழல் ரைபிளை வாங்கப் பெரும் பணம் வேண்டும். போல்ட் ரைபிளின் விலை அதைவிட மிகக் குறைவு. எடையும் குறைவு. மலை ஏறி நடப்பவனுக்கு ஏற்ற துணை!

பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரை போகும் பாதையில், ருத்ரப்பிரயாகை அருகே ஒரு சிறுத்தை 8 ஆண்டுகளில் 125 பேரைக் கொன்றது. இருட்டினால் யாத்திரீகர்கள் நடுங்கினார்கள். கார்பெட் சாலையோர மாமரத்தில் இரவு இரவாகக் காத்திருந்தார். கீழே கழுத்தில் மணி கட்டிய ஆடு. 1926 மே மாதத் தொடக்கத்தில் ஓர் இரவு மணி ஒலித்தது. ரைபிளில் பொருத்திய டார்ச் விளக்கு ஒளிர்ந்தது. அந்த ரிக்பி ரைபிள் ஒரே ஒரு முறை முழங்கியது. யாத்திரைப் பாதையின் பயம் தீர்ந்தது!

ரைபிளுக்குப் பதில் காமிரா

ஆசைக்காகப் புலியைச் சுடுவது கார்பெட்டுக்குக் கசந்துபோயிற்று. காமிராவை எடுத்தார். ஆட்கொல்லி என்று ஊரார் கதறினால் மட்டுமே ரைபிளைத் தொட்டார். 1936-ல் ராம்கங்கை ஆற்றங்கரையில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா உருவாகத் துணை நின்றார். 1944-ல் வெளியான அவரது முதல் புகழ் பெற்ற நூல் 'குமாயூன் புலிகள்' பற்றியது. அதன் முதல் பதிப்பு வருமானத்தை, போரில் கண் இழந்த சிப்பாய்களுக்குக் கொடுத்தார்.

கார்பெட் மணம் செய்துகொள்ளவில்லை. 1947-ல் சகோதரி மேகியுடன் ஆப்பிரிக்காவின் கென்யாவுக்குச் சென்றார். காலாதுங்கியில் தமக்கு இருந்த கிராம நிலத்தை, உழுதவர்களுக்கே விட்டுச் சென்றார். 1955 ஏப்ரல் 19-ந் தேதி கென்யாவில் காலமானார். பின்னர் அந்தப் பூங்காவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1973-ல் புலிகளைக் காக்கும் அரசின் திட்டம் தொடங்கியதும் அங்கேதான்!

அந்த ரைபிள் 2015-ல் அதைச் செய்த ரிக்பி கம்பெனிக்கே திரும்பியது. மறு ஆண்டு இந்தியாவுக்கு வந்தது. கார்பெட்டின் பழைய கிராமத்து மக்கள் அதைக் கண்ணாரக் கண்டார்கள்.

விலை உயர்ந்த கருவி வீரனை உண்டாக்குவதில்லை. பித்தளைக் கம்பி சுற்றிய துப்பாக்கி ஒரு சிறுவனுக்குப் பொறுமையைக் கற்றுத் தந்தது. எப்போது சுடக் கூடாது என்பதை அவன் தானே கற்றுக்கொண்டான். அதனால்தான் இன்று அவன் பெயரால் ஒரு காடே நிற்கிறது!