புதுச்சேரிக்கு வந்த தளபதி லாலி

குழந்தைகளே, லஃபாயெட் யார் என்று ஸ்கூலில் படித்திருப்பீர்கள். ஜார்ஜ் வாஷிங்டனுக்கு உதவ 1777-ல் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தவர். நம்ம நியூ ஜெர்சியில் மான்மத் போரில் சண்டை போட்டவர். அதற்கு 19 வருடம் முன்னால் இன்னொரு பிரெஞ்சு தளபதி கப்பல் ஏறிப் புதுச்சேரிக்கு வந்தார். அவர் பெயர் லாலி. பெயரைக் கேட்டதும் கல்யாண ஊஞ்சல் பாட்டு ஞாபகம் வருகிறதா? இவர் அவ்வளவு மென்மையான ஆள் இல்லை!

லாலி 1702-ல் பிரான்சில் பிறந்தார். அப்பா அயர்லாந்துக்காரர். ஆங்கிலேயரிடம் தோற்று, பிரான்சுக்கு வந்து படையில் சேர்ந்தவர். அதனால் லாலிக்கு ஆங்கிலேயர்கள் மேல் தீராத கோபம். 1745-ல் ஃபோன்டனாய் என்ற இடத்தில் அவர்களோடு ரொம்ப தைரியமாகப் போரிட்டார். அரசர் பதினைந்தாம் லூயி போர்க்களத்திலேயே அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தார்.

அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில், சென்னை ஆங்கிலேயர் கையில் இருந்தது. ஆங்கிலேயரை அங்கிருந்து விரட்ட, அரசர் லாலியை அனுப்பினார். 1757 மே மாதம் கிளம்பியவர் 1758 ஏப்ரல் கடைசியில்தான் புதுச்சேரியில் இறங்கினார். கிட்டத்தட்ட ஒரு வருடம்! நாமோ ஒரு நாள் விமானப் பயணத்துக்கே அலுத்துக்கொள்கிறோம்.

வந்த ஐந்து வாரத்தில் கடலூரில் இருந்த ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்துவிட்டார். ஆனால் புதுச்சேரி கஜானா காலி. தஞ்சாவூர் அரசர் பழைய கடனைத் தரணும் என்று படையோடு போனார். வழியில் கீவளூர்க் கோயிலைக்கூட விட்டுவைக்கவில்லை. கேட்ட பணம் கிடைக்கவில்லை. பாரவண்டி இழுக்க மாடு போதவில்லை என்றால், ஊர் மக்களைப் பிடித்து இழுக்க வைத்தார். அந்த ஊரைத் தெரிந்தவர்கள் சொன்ன புத்திமதி எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மக்களுக்கு அவரைப் பிடிக்காமல் போனதில் என்ன ஆச்சரியம்?

1758 டிசம்பரில் சென்னைக் கோட்டையை வளைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து ஆங்கிலேயக் கப்பல்கள் வந்ததும் திரும்பிப் போனார். சம்பளம் வராமல் அவருடைய வீரர்களே கலகம் செய்தார்கள். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் பெரிய சண்டை. ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் ஜெயித்தார். வேடிக்கை என்னவென்றால், கூட் பிறந்ததும் அயர்லாந்தில்தான்!

பிறகு கூட் புதுச்சேரியைச் சுற்றி வளைத்தார். உள்ளே சாப்பாடு குறைந்துகொண்டே போனது. லாலி ஆயிரத்துக்கும் அதிகமான தமிழ் மக்களை ஊரைவிட்டு வெளியே அனுப்பினார். ஆங்கிலேயரும் வழி விடவில்லை. பெண்கள், குழந்தைகள் எல்லாரும் இரண்டு படைகளுக்கும் நடுவில் பல நாள் பட்டினி கிடந்தார்கள். கடைசியில் கூட் வழி விட்டார்.

நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை அப்போது புதுச்சேரியில் இருந்தார். 1761 ஜனவரியில், ஊர் விழுவதற்குச் சில நாள் முன்னால் அவர் இறந்தார். அவர் வீடு இன்றும் அங்கே இருக்கிறது. லீவில் போனால் பாருங்கள். லாலி ஜனவரி 16-ல் சரணடைந்தார். ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

லாலியைக் கைதியாக லண்டனுக்குக் கொண்டு போனார்கள். பிரான்சில் எல்லாரும் அவரைத் துரோகி என்று பேசுவதாக அங்கே கேள்விப்பட்டார். பதில் சொல்ல அனுமதி வாங்கிக்கொண்டு, தானாகவே பாரிசுக்குத் திரும்பினார். அவரைப் பஸ்தீல் சிறையில் அடைத்தார்கள். 1766 மே 9 அன்று, வாயில் துணி அடைத்துக் கூட்டிப் போய், தலையை வெட்டினார்கள்.

லாலி கோபக்காரர், நம் மக்களைக் கொடுமைப்படுத்தியவர். அதை மறைக்கவே முடியாது. ஆனால் நாட்டைக் காட்டிக்கொடுத்த ஆள் தானாகத் திரும்பி வருவாரா? வால்டேர் என்ற பெரிய எழுத்தாளரும் இதைத்தான் நினைத்தார். அவரும் லாலியின் மகனும் பல வருடம் விடாமல் போராடினார்கள். 1778 மே மாதம் அரசரின் சபை அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. செய்தி வந்தபோது வால்டேருக்கு 83 வயது, படுத்த படுக்கையாக இருந்தார். லாலியின் மகனுக்குச் சந்தோஷமாக ஒரு சின்னக் கடிதம் அனுப்பினார். சில நாளில் அவரும் இறந்துவிட்டார்.