கோர்டீலியா நாட்: சாப்பாட்டு க்யூவில் பிறந்த தீம் பார்க்

தீம் பார்க் போய்ட்டு வந்த உங்க ஃப்ரெண்ட் யாரையாவது பிடிச்சு, ரைடு எல்லாம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க. அரை மணி நேரம் விடாமப் பேசுவாங்க. அடுத்து சாப்பாடு எப்படின்னு கேளுங்க. முகம் மாறிடும். விலை ஜாஸ்தி, ருசி சுமார், வேற வழி இல்லாம சாப்பிட்டோம்னு மூணு வார்த்தையில் முடிச்சிடுவாங்க. அதுவும் பெரிய சிட்டியில் இருந்து போனவங்கன்னா கேட்கவே வேண்டாம். தெருவுக்கு நாலு ஹோட்டல் பார்த்துப் பழகின நாக்கு அவங்களுது.

இதுக்குச் சமையல்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. முக்கியக் காரணம் அந்த கேட். டிக்கெட் எடுத்து உள்ளே போயாச்சுன்னா பசிக்கும்போது இருக்கிறதைத்தான் சாப்பிடணும். பிடிக்கலைன்னு எழுந்து பக்கத்துக் கடைக்குப் போக முடியாது. போக முடியாத ஆளைத் திருப்திப்படுத்தணும்னு கடைக்காரருக்கு என்ன அவசரம்?

ஆனா உலகத்தில் ஒரு தீம் பார்க் இந்தக் கணக்கைத் தலைகீழா ஆரம்பிச்சது. அங்கே முதல்ல வந்தது சாப்பாடு. அதைச் சாப்பிட சிட்டிக்காரங்க க்யூவில் நின்னாங்க. நிக்கிறவங்களுக்குப் பொழுது போகணுமேன்னு கட்டினதுதான் பின்னாடி பார்க் ஆச்சு. கலிபோர்னியாவில் இருக்கிற நாட்ஸ் பெர்ரி ஃபார்ம்தான் அந்த இடம். அதோட அடுப்படியில் நின்னவங்க கோர்டீலியா நாட்.

பாலைவனத்தில் ஒரு குடும்பம்

கோர்டீலியா ஹார்னடே 1890-ல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தாங்க. வளர்ந்தது கலிபோர்னியாவின் பொமோனா ஊர்ல. அங்கே பள்ளியில் பழக்கமான வால்டர் நாட்டை 1911-ல் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. வால்டருக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரே கனவு, விவசாயம். அந்தக் காலத்தில் அமெரிக்க அரசு ஒரு திட்டம் வெச்சிருந்தது. ஆளில்லாத நிலத்தில் போய்க் குடியிருந்து பயிர் பண்ணிக் காட்டினா அந்த நிலம் உங்களுக்கே சொந்தம். அதை நம்பி வால்டர் இருந்த வேலையை விட்டார். மொஹாவி பாலைவனத்தில் 160 ஏக்கர் கிடைச்சது.

160 ஏக்கர்னு கேட்க நல்லாத்தான் இருக்கு. வெயில், காத்து, மணல், தண்ணி இல்லை. விதைச்சது எதுவும் தேறல. குடும்பச் செலவுக்காக வால்டர் வெளியே கூலி வேலைக்குப் போனார். பக்கத்தில் இருந்த கேலிகோங்கிற பழைய வெள்ளிச் சுரங்க ஊரிலும் கொஞ்ச நாள் வேலை பார்த்தார். இந்த ஊர்ப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும். அவர் வெளியே போன நாட்கள்ல, மண் வீட்டில் கைக்குழந்தைகளோட தனியா இருந்தது கோர்டீலியா. சட்டப்படி குடியிருந்து காட்ட வேண்டிய காலத்தை அவங்க அங்கேயே இருந்து முடிச்சாங்க. நிலம் சொந்தமாச்சு, ஆனா அதில் சோறு வரல.

அடுத்து ஷாண்டன்ங்கிற ஊரில் ஒரு பண்ணையில் மூணு வருஷம். கோர்டீலியா வீட்டிலேயே மிட்டாய் செஞ்சு விற்றாங்க. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தது. 1920-ல் வால்டரின் உறவினர் ஒருத்தரோட கூட்டு சேர்ந்து புவேனா பார்க் ஊரில் 20 ஏக்கர் குத்தகைக்கு எடுத்து பெர்ரிப் பழம் போட்டாங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து சுமார் 35 கிலோமீட்டர். பண்ணையை ஒட்டியே ஒரு ரோடு. சிட்டிக்காரங்க ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கிட்டு கடற்கரைக்குப் போற ரோடு அது. ரோட்டோரம் ஒரு கொட்டகை போட்டுப் பழம் வித்தாங்க.

கடன், ஒரு புதுப் பழம், கல்யாணச் சீர் தட்டு

1920-கள் முடியும்போது கொட்டகை இருந்த இடத்தில் ஒரு கட்டடம் வந்தது. பழக்கடை, நாற்றுக் கடை, கூடவே ஒரு சின்ன டீ ரூம். டீ ரூம் கோர்டீலியா பொறுப்பு. சாண்ட்விச், அவங்க கையால் செஞ்ச பெர்ரி பை, ஜாம். பெருசா வியாபாரம்னு சொல்ல முடியாது. பழம் வாங்க வந்தவங்க உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டுப் போவாங்க, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் 1929 வந்தது. பங்குச் சந்தை விழுந்தது, நிலத்தோட விலையும் விழுந்தது. நல்ல விலை இருந்தப்போ ஒப்பந்தம் போட்டு வாங்கின நிலத்துக்கு, விலை அதலபாதாளத்துக்குப் போன பிறகும் பழைய கணக்கிலேயே நாட் குடும்பம் பணம் கட்டணும். கட்டாம விட்டுட்டுப் போனவங்க அப்போ நிறைய பேர். இவங்க கட்டினாங்க. வீட்டில் நாலு பிள்ளைங்க.

இந்த நேரத்தில் ஒரு பழம் கை கொடுத்தது. ருடால்ஃப் பாய்சன்னு ஒருத்தர் ராஸ்பெர்ரி, பிளாக்பெர்ரி, லோகன்பெர்ரி எல்லாம் கலந்த ஒரு புது வகையை முயற்சி பண்ணிப் பார்த்து, சரியா வரலைன்னு கைவிட்டிருந்தார். விவசாயத் துறை ஆராய்ச்சியாளர் ஜார்ஜ் டேரோவும் வால்டரும் அதைத் தேடிப் போனப்போ, களைக்கு நடுவில் காய்ஞ்சு போன சில கொடிகள்தான் மிச்சம். வால்டர் அதைக் கொண்டுவந்து பிழைக்க வெச்சார். 1932-ல் விற்பனைக்கு வந்தது. பெயர் மட்டும் அவரோடது வைக்கல, பாய்சன்பெர்ரின்னு முதல்ல வளர்த்தவர் பெயரையே வெச்சார். கோர்டீலியாவின் பையும் ஜாமும் அதுக்கப்புறம் இந்தப் பழத்தில்.

பெர்ரிக்கு ஒரு சீசன் உண்டு. கடனுக்கு சீசன் கிடையாது. வருஷம் முழுக்க வருமானம் வர்ற மாதிரி ஒண்ணு வேணும். 1934 ஜூன் மாதம் ஒரு நாள், கோர்டீலியா வீட்டில் சமைக்கிற மாதிரியே சிக்கனைப் பொரிச்சு, தன்னோட கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளை எடுத்து, எட்டுப் பேருக்குப் பரிமாறினாங்க. பொரிச்ச சிக்கன், பிசைஞ்ச உருளைக்கிழங்கு, கிரேவி, காய், சாலட், சூடான பிஸ்கட், ஜாம், கடைசியில் பெர்ரி பை. விலை 65 சென்ட்.

65 சென்ட் இன்னைக்குச் சில்லறைக் காசாத் தெரியும். ஆனா இதுக்கு நாலு வருஷம் கழிச்சு 1938-ல் அமெரிக்கா முழுக்கக் குறைந்தபட்சக் கூலின்னு சட்டம் போட்டப்போ, ஒரு மணி நேரத்துக்கு 25 சென்ட்தான் நிர்ணயிச்சாங்க. அதாவது இந்த ஒரு சாப்பாடு அந்தக் கூலியில் இரண்டரை மணி நேர உழைப்பு. சும்மா ஆசைக்குன்னு யாரும் கொடுத்துட மாட்டாங்க.

12 லட்சம் பேர் இருந்த சிட்டியும் ஒரு கிராமத்து அடுப்பும்

இங்கதான் நம்ம ஆரம்பக் கேள்வி வருது. 1930 கணக்கெடுப்பில் லாஸ் ஏஞ்சலஸ் மக்கள்தொகை 12 லட்சத்துக்கு மேல. சினிமா ஸ்டுடியோக்கள் இருக்கிற ஊர். ரெஸ்டாரன்ட்டுக்குப் பஞ்சமே இல்லை. அந்த ஊர்க்காரங்க 35 கிலோமீட்டர் தள்ளி ஒரு பெர்ரித் தோட்டத்தில் வந்து சாப்பிடணும்னு எந்தக் கட்டாயமும் கிடையாது. அங்கே கேட் இல்லை, டிக்கெட் இல்லை. பிடிக்கலைன்னா காரை ஸ்டார்ட் பண்ணிப் போய்க்கிட்டே இருக்கலாம்.

போகல. திரும்பத் திரும்ப வந்தாங்க, வரும்போது கூட நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. டீ ரூமை இடிச்சு நீட்டினாங்க, மறுபடி நீட்டினாங்க, பத்தல. 1937 தேங்க்ஸ்கிவிங் பண்டிகை நாளில் மட்டும் 1,774 சாப்பாடு. 1940 வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் 4,000 வரைக்கும் போச்சு. எட்டுத் தட்டில் ஆரம்பிச்சு ஆறே வருஷம்.

எப்படி? சிட்டியில் கிடைக்கிறதையே இன்னும் ஸ்டைலாக் கொடுக்க கோர்டீலியா முயற்சி பண்ணல. சிட்டியில் கிடைக்காததைக் கொடுத்தாங்க. மெனு ரொம்பச் சின்னது. ஒரே சாப்பாடு, அதையே தினமும் செஞ்சா கை பழகும், பொருள் வீணாகாது, 4,000-வது தட்டும் முதல் தட்டு மாதிரியே இருக்கும். பழம் பக்கத்துத் தோட்டத்தில் பறிச்சது. பெரிய ஊர்க்காரங்களுக்கு நாக்கு நீளம்னு சொல்வோம். உண்மையில் அவங்க கேட்கிறது ரொம்ப எளிமையான விஷயம். கொடுத்த காசுக்கு, வந்த தூரத்துக்கு, தட்டில் ஒரு நியாயம் இருக்கணும்.

க்யூயிங் தியரி படிக்காத வால்டர்

ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பர் எழுதினவங்களுக்கு அடுத்த பிரச்சினை உடனே புரியும். ஆட்கள் வர்ற வேகம், பரிமாறுற வேகத்தைவிட ஜாஸ்தி. க்யூ நீளும். சில நாள் மணிக்கணக்கில் காத்திருப்பு. சர்வரைக் கூட்டலாம், இடத்தைக் கூட்டலாம், ஆனா அதுக்கு ஒரு எல்லை இருக்கு. அவசரமாப் பொரிச்சு அனுப்பினா தரம் போயிடும். மிச்சம் இருக்கிற வழி ஒண்ணுதான், காத்திருக்கிற நேரத்தைக் காத்திருப்பாத் தெரியாமச் செய்யுறது.

வால்டர் அதைத்தான் பண்ணார். ஒரு பாறைத் தோட்டம், சின்ன அருவி, கண்ணாடிக்குள்ள தேன்கூடு, புகை விடுற ஒரு குட்டி எரிமலை. அப்புறம் 1940-ல் பெருசா ஒண்ணு ஆரம்பிச்சார். அவரோட பாட்டி 19-ம் நூற்றாண்டில் மூடு வண்டியில் பாலைவனம் தாண்டி கலிபோர்னியா வந்தவங்க. அந்தக் காலத்து ஊர் ஒண்ணை, பழைய மரக் கட்டடங்களைக் கொண்டுவந்து, கோஸ்ட் டவுன்ங்கிற பெயரில் கட்டினார். சாப்பாட்டுக்கு நிக்கிறவங்க தங்கள் முறை வர்ற வரைக்கும் சுத்திப் பார்க்கலாம். 1952-ல் ரயில் வந்தது, 1960-ல் சுரங்க ரைடு, 1969-ல் மரக்கட்டைப் படகு ரைடு. சுரங்க ரைடுக்குப் பெயர் கேலிகோ. ஆமா, பட்டினிக் காலத்தில் கூலிக்குப் போன அதே ஊர். 1951-ல் அந்த நிஜ ஊரையே வால்டர் வாங்கிட்டார்.

1955 ஜூலை 17. சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி அனாஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தாங்க. நாட் தம்பதியும் விருந்தினராப் போயிருந்தாங்க. அன்னைக்கு டிஸ்னிலேண்டில் கூட்டம் எதிர்பார்த்ததைவிட ரொம்ப ஜாஸ்தி. உணவகங்கள்ல சாப்பாடு தீர்ந்து போச்சு, குடிதண்ணீர்க் குழாய் பலதும் வேலை செய்யல. புது பார்க் வந்தா நம்ம கடை காலின்னு கவலையோட திரும்பி வந்தா, தங்கள் பார்க்கிங்கில் இடமே இல்லாத அளவுக்குக் கார். டிஸ்னி உலகத்துக்கே பார்க் எப்படிக் கட்டணும்னு கத்துக்கொடுத்தார், அதில் சந்தேகமே இல்லை. அந்த ஒரு நாள் மட்டும், அடுப்பிலிருந்து ஆரம்பிச்சதுக்கும் கோட்டையிலிருந்து ஆரம்பிச்சதுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சுன்னு தெரிஞ்சது.

கேட்டுக்கு வெளியே

1968-ல் நாட்ஸ் பெர்ரி ஃபார்மும் வேலி போட்டு டிக்கெட் வாங்க ஆரம்பிச்சது. கூட்டத்தைச் சமாளிக்க வேற வழி இல்லை. அப்பவும் ஒரு விஷயத்தைக் கவனிங்க. கோர்டீலியாவின் சிக்கன் ரெஸ்டாரன்ட் வேலிக்கு வெளியே இருந்தது. இன்னைக்கும் வெளியேதான் இருக்கு. பார்க் டிக்கெட் இல்லாமயே போய் சாப்பிடலாம், சாப்பிடாமலும் போகலாம். என்னைப் பொறுத்தவரை அந்தக் குடும்பம் எடுத்த முடிவுகள்ல ரொம்ப முக்கியமானது இதுதான். வேலிக்கு உள்ளே வெச்சிருந்தா விலை கூட்டியிருக்கலாம், தட்டைச் சுருக்கியிருக்கலாம், வந்தவங்க வேற வழி இல்லாம சாப்பிட்டிருப்பாங்க.

கோர்டீலியா 1974-ல் காலமானாங்க. வால்டர் 1981-ல். 1997-ல் பார்க் வேற நிறுவனத்துக்குக் கைமாறிடுச்சு. வரலாற்றுப் புத்தகங்கள்ல நிறுவனர்னு வால்டர் பெயர்தான் முதல்ல வரும். பாய்சன்பெர்ரியைக் காப்பாத்தினவர், கோஸ்ட் டவுன் கட்டினவர், எல்லாம் சரிதான். ஆனா கோஸ்ட் டவுன் கட்ட ஒரு க்யூ தேவைப்பட்டது. அந்த க்யூவை உண்டாக்கினது ஒரு அம்மாவோட வாணலி.

நம்மில் பலர் இன்னும் சில மாசத்தில் வேலைக்குப் போயிடுவோம். யாரோ ஒருத்தருக்காக ஏதோ ஒண்ணு செய்வோம், ஆப், மெஷின், பாலம், எதுவாகவும் இருக்கட்டும். அதை உபயோகிக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு வேற வழி இருக்காது. ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிடுறவங்களுக்கு இது எப்படிப்பட்ட நிலைமைன்னு நான் விளக்க வேண்டியதில்லை. அவங்க எழுந்து போக முடியாதுங்கிறதால எதையும் வைக்கலாம். இல்லைன்னா, அவங்க வாசலில் காரோட நிக்கிறாங்க, எப்ப வேணா கிளம்பிடுவாங்கன்னு நினைச்சும் வைக்கலாம். கோர்டீலியா கடைசி வரைக்கும் இரண்டாவது மாதிரிதான் பரிமாறினாங்க.