ஆறாம் வகுப்புக் குருவானவர் லோமோன்

நம் பங்கின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர்களை இந்த ஜூபிலி ஆண்டில் நாம் நன்றியோடு நினைவுகூர்கின்றோம். அவ்வேளையில், பிரான்சு தேசத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு குருவானவரின் சரிதையையும் பங்கு மக்களுக்கு எடுத்துச் சொல்ல விழைகின்றோம். அவர் பெயர் ஷார்ல் பிரான்சுவா லோமோன். இலத்தீன் மொழியில் ஆழ்ந்த புலமை பெற்றிருந்தும், அப்புலமை முழுவதையும் சின்னஞ்சிறுவர்க்கே செலவிட்டவர்.

வடபிரான்சில் பிக்கார்டி நாட்டு ஷோன் என்னும் சிற்றூரில் 1727-ல் பிறந்தார். பாரீசில் இன்வில் கல்லூரியில் பயின்று, குருவாகி, அக்கல்லூரிக்கே தலைவருமானார். அது மூடப்பட்ட பின் கர்தினால் லெமுவான் கல்லூரியில் ஆறாம் வகுப்பு ஆசிரியராக அமர்ந்தார். அங்கே வகுப்புகளை நம்மைப்போல் கீழிருந்து மேலாக எண்ணுவதில்லை. ஆறாம் வகுப்பே இலத்தீன் கற்கத் தொடங்கும் சிறுவரின் வகுப்பு. மேல்வகுப்புகளுக்கு வருமாறு அழைப்பு வந்தும் லோமோன் மறுத்து, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அச்சிறுவரோடேயே இருந்துவிட்டார். பதவி உயர்வை மறுக்கும் மனிதரைக் காண்பது எக்காலத்திலும் அரிது, குருக்களிடையேயும் அரிதுதான்.

அவ்வகுப்பில்தான் ஒரு குறையை அவர் தினமும் கண்டிருக்க வேண்டும். உரோமை ஆசிரியர்களின் நூல்கள் வளர்ந்தவர்க்காக எழுதப்பட்டவை. அவற்றின் நீண்ட வாக்கியங்களில் பத்து வயதுப் பிள்ளை திக்குமுக்காடிப் போகும். ஆகவே லீவியுஸ் முதலியோர் எழுதிய வரலாறுகளிலிருந்து தேர்ந்தெடுத்து, கடினமான இடங்களை நீக்கி, வாக்கியங்களை எளிதாக்கி, ரோமுலுஸ் தொடங்கி அகுஸ்துஸ் வரையிலான உரோமைப் பெருமக்களின் கதைகளாகத் தொகுத்துத் தந்தார். 1779-ல் இலத்தீன் இலக்கணமும் 1780-ல் பிரெஞ்சு இலக்கணமும் வெளிவந்தன. தாய்மொழி இலக்கணத்தை முதலில் அறிந்த பிள்ளையே அயல்மொழி இலக்கணத்தை எளிதில் பற்றிக்கொள்ளும் என்பது அவர் கொள்கை. இன்று நம் பெற்றோர் சிலருக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

1784-ல் வந்த திருவரலாற்றுச் சுருக்கமே நம் மனத்துக்கு மிக நெருக்கமானது. உலகப் படைப்பிலிருந்து பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகளை இலத்தீனில் சொல்லும் சிறு நூல் அது. முதற்பாடங்களில் சிறு சிறு வாக்கியங்கள். போகப்போக நடை வளர்கிறது. பிள்ளை மொழியையும் கற்றான், யோசேப்பையும் தாவீதையும் அறிந்தான். கிறிஸ்தவப் போதனை நூலும் திருச்சபை வரலாற்றுச் சுருக்கமும் கூட அவர் எழுதியவையே.

அவருக்குச் செடிகொடிகளின் மேல் அளவற்ற ஆசை. ஓய்வு வேளைகளில் மூலிகை தேடி நடப்பார். அதே கல்லூரியில் ஆசிரியராயிருந்த ரெனே ஜுஸ்த் அவுயி என்னும் இளம் குரு, இம்மூத்த நண்பரை மகிழ்விக்கவே தாவரவியல் கற்றார். அந்த ஈடுபாடு அவரை அருகிலிருந்த அரசப் பூங்காவுக்குக் கொண்டுசென்றது. அங்கே கனிமங்களைப் பற்றிய சொற்பொழிவைக் கேட்டவர், பின்னாளில் படிகவியல் என்னும் விஞ்ஞானத்துக்கே தந்தையானார்.

அமைதியான இவ்வாழ்வில் புயல் வீசியது. 1789-ல் புரட்சி வெடித்தது. 1790-ல் ஆயர்களையும் பங்குக் குருக்களையும் மக்கள் வாக்கால் தெரிந்தெடுத்து அரசின் சம்பளக்காரராக்கும் சட்டம் பிறந்தது. அதற்குக் கீழ்ப்படிவதாகக் குருக்கள் ஆணையிட வேண்டும் என்றனர். பாப்பரசர் ஆறாம் பத்திநாதர் 1791-ல் அச்சட்டத்தைக் கண்டித்தார். பலர் ஆணையிட்டனர்; லோமோன் இடவில்லை. 1792 ஆகஸ்டில், அறுபத்தைந்து வயதை எட்டிய அவரைப் பிடித்து, கல்லூரிக்குப் பக்கத்திலிருந்த புனித பிர்மீன் குருமடத்தில் அடைத்தனர். வின்சென்ட் தே பவுல் சபையினரின் இல்லம் அது, அப்போது சிறையாகிவிட்டது.

அங்கிருந்து அவரை மீட்டது யார்? அவரிடம் படித்த தாலியேன் என்பவர். அவர் அந்நாளில் பாரீஸ் நகராட்சியின் செயலாளர், புரட்சியாளர்களில் தீவிரமானவர். செப்டம்பர் 3-ஆம் நாள் அதே இல்லத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட குருக்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அந்நாட்களின் படுகொலைகளுக்குச் சாக்குச் சொன்ன பழி தாலியேன் மீது உண்டு. இத்தகைய மனிதர் தம் ஆறாம் வகுப்பு வாத்தியாரை மட்டும் மறக்கவில்லை. இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று நமக்குத் தெரியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. கொல்லப்பட்டோரில் பலரை 1926-ல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் முத்திப்பேறு பெற்றோராக உயர்த்தினார். லோமோன் அவ்வரிசையில் இல்லை.

1794 டிசம்பர் 31-ல் பாரீசில் அவர் உயிர் நீத்தார். சில ஆண்டுகளுக்குள் குடியரசு தன் பள்ளிகளுக்குப் பாடநூல்களைத் தேர்ந்தபோது, ஆணையிட மறுத்த இக்குருவின் பிரெஞ்சு இலக்கணமும் தேர்வாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அவர் நூல்கள் திரும்பத் திரும்ப அச்சேறின. பாரீசில் ஒரு தெருவுக்கு 1867-ல் அவர் பெயர் இடப்பட்டது. கியூரி தம்பதியர் 1898-ல் ரேடியத்தைக் கண்டறிந்த பழைய கொட்டகை அந்த லோமோன் தெருவில்தான் இருந்தது.