திரவப் படிக அறிஞர் சந்திரசேகர்

கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றின் திரைகள் பலவற்றில் திரவப் படிகம் என்னும் பொருள் உள்ளது. அது திரவத்தைப் போல் ஓடும்; ஆயினும், அதன் மூலக்கூறுகள் படிகத்தில் இருப்பதுபோல் ஓர் ஒழுங்குடன் அமைந்திருக்கும். இத்துறையில் உலகப் புகழ் பெற்றவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர்.

இவர் 1930ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் கொல்கத்தாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் இவருடைய தாய்மாமன். நாக்பூர்ப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்ற சந்திரசேகர், பெங்களூரில் தம் மாமாவிடமே ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். பின்னர், இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜில் ஆய்வைத் தொடர்ந்தார். 1961இல் தாயகம் திரும்பி, மைசூர்ப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார். 1971இல் பெங்களூரிலுள்ள இராமன் ஆய்வுக் கழகத்தில் திரவப் படிக ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார்.

திரவப் படிகத்தை 1888இல் முதன்முதலில் கவனித்தவர் ஆஸ்திரியரான ரைனிட்சர். அதன்பின் கண்டறியப்பட்ட திரவப் படிகங்கள் பெரும்பாலும் குச்சி வடிவ மூலக்கூறுகளால் ஆனவை. அம்மூலக்கூறுகள் சில பொருள்களில் அடுக்கடுக்காக அமையும். நுண்ணோக்கியில் அவ்வடுக்குகள் விசிறி விரித்தாற்போன்ற வண்ணக் கோலங்களாகத் தோன்றும். எனவே, குச்சி வடிவம் இருந்தால்தான் திரவப் படிகம் உருவாகும் என்று அறிவியலாளர் பலர் நம்பினர்.

சந்திரசேகர் அந்த நம்பிக்கையை அப்படியே ஏற்கவில்லை. தட்டையான வட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் உருவாகுமா என்று ஆராய முனைந்தார். சதாசிவா, சுரேஷ் ஆகியோருடன் சேர்ந்து அத்தகைய பொருள்களை உருவாக்கிச் சூடேற்றினார். ஊடுகதிர் கொண்டும் ஆராய்ந்தார். ஐம்பது சென் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல், அம்மூலக்கூறுகள் தூண் தூணாக நின்றன. 1977இல் இந்த முடிவு 'பிரமாணா' என்னும் இந்திய ஆய்விதழில் வெளிவந்தது. உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது. பிற்காலத்தில், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் திரை தெளிவாகத் தெரிவதற்கு உதவும் மென்படலங்களில் வட்டு வடிவ மூலக்கூறுகள் பயன்பட்டன.

1994இல் இலண்டன் அரச கழகம் இவருக்கு அரச பதக்கம் வழங்கியது. 1998இல் இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்தது. பணி ஓய்வு பெற்ற பிறகும் இவர் ஓய்ந்திருக்கவில்லை. பெங்களூரில் திரவப் படிகங்களுக்கெனத் தனி ஆய்வு மையம் ஒன்றை நிறுவினார். 2004ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் இயற்கை எய்தினார்.

பலரும் நம்புகிறார்கள் என்பதாலேயே ஒரு கருத்து முடிந்த முடிவாகிவிடாது. கேள்வி கேட்கும் துணிவும் அதைச் சோதித்துப் பார்க்கும் உழைப்பும் சேர்ந்தால் புதிய உண்மை பிறக்கும் என்பதற்குச் சந்திரசேகரின் வாழ்க்கை சிறந்த சான்றாகும்.