இரத்தத்தின் பாதையைக் கண்ட இப்னு நஃபீஸ் (ரஹ்)

இதயத்தின் வலப்புற அறையிலிருந்து இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, இடப்புற அறையை அடைகிறது. இவ்வுண்மையை நாமறிந்தவரை முதன்முதலில் எழுதி வைத்தவர் ஒரு ஷாஃபிஈ ஃபிக்ஹு அறிஞர்.

அலாவுத்தீன் இப்னு நஃபீஸ் (ரஹ்) அவர்கள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாவில் பிறந்தார்கள். திமிஷ்க் நகரின் நூரி மருத்துவமனையில் மருத்துவம் பயின்று, கெய்ரோவில் புகழ்பெற்ற மருத்துவராகத் திகழ்ந்தார்கள். மஸ்ரூரிய்யா மதரஸாவில் ஃபிக்ஹும் போதித்தார்கள்.

இதயத்தின் இடைச்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே இரத்தம் கசிகிறது என்பது கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸின் கொள்கை. 1242இல் இப்னு சீனாவின் கானூன் நூலிலுள்ள உடற்கூறு பகுதிக்கு விரிவுரை எழுதிய அன்னார், அச்சுவரில் துளையே இல்லை என மறுத்தார்கள். முன்னோரை மதித்தார்கள், ஆயினும் ஆராயாமல் ஏற்கவில்லை. 1628இல்தான் ஹார்வி முழுச் சுற்றோட்டத்தையும் விளக்கி நூல் வெளியிட்டார்.

இவ்வறிவின் பயனை நோயாளியின் கட்டிலருகே இன்றும் காண்கிறோம். இதயத்தின் இடப்பக்கம் தளர்ந்தால் இரத்தம் நுரையீரலில் தேங்கும். மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறும். எனவேதான் செவிலியர் தலைப்பக்கத்தை உயர்த்தி அமர்த்துகின்றனர். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அடிக்கடி குறிக்கின்றனர். நம் வீட்டு முதியவர் படுத்ததும் திணறினால், முதுமையென்று விட்டுவிடலாகாது. நிமிர்த்தி அமர்த்தி, உடனே மருத்துவரிடம் சேர்ப்பது நம் கடமை.

1288இல் கெய்ரோவில் மறைந்த அன்னார், தம் இல்லத்தையும் நூல்களையும் மன்சூரி மருத்துவமனைக்கு வழங்கிச் சென்றார்கள். பன்னூற்றாண்டு மறந்திருந்த அவர்களது கண்டுபிடிப்பு, 1924இல் பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியால் மீண்டும் வெளிச்சம் பெற்றது.

பயனுள்ள கல்வியையும் பிணியாளரைப் பேணும் பண்பையும் வல்ல அல்லாஹ் நம் மக்களுக்கு வழங்குவானாக! ஆமீன்.